இருபத்து மூன்றாவது வளைவு

இந்தத் தீவில் நாங்கள் இடப்பக்கம் ஓட்டுகிறோம்.
ஸ்டீயரிங்கும் இடப்பக்கம்தான்.
ஏன் என்று கேட்பார்கள் படகிலிருந்து இறங்கியவர்கள்.
கழுதைகளுக்கு அப்படித்தான் பழக்கம் என்பேன்.
சிரிப்பார்கள்.
அந்தச் சிரிப்புக்கு ஒரு டாலர் கூடுதலாய் விழும்.

பத்தொன்பது வருஷம்.
கூரை போட்ட திறந்த லாரி, ஆறு பெஞ்சுகள்,
சன்ஸ்கிரீன் வாசனை, ஈரத் துண்டுகள்,
பெஞ்சுக்கடியில் தினமும் நான் கூட்டித் தள்ளும் மணல்.
குரூஸ் பே துறையில் ஏற்றி
இருபத்து மூன்றாவது வளைவில் இறக்கிவிடுவேன்.
அங்கே பூங்காவின் பலகை, ஒரு புளியமரம்,
காட்டுக்குள் இறங்கும் ஒற்றையடிப் பாதை.
"முக்கால் மணி நேரம் நடந்தால்
கண்ணாடி மாதிரி தண்ணீர்,
கையெட்டும் தூரத்தில் ஆமைகள்,
மூன்று மணிக்கு இங்கே நிற்பேன், தாமதிக்காதீர்கள்."
ஒரே மூச்சில், ஜெபம் போல.

செவ்வாய்க்கிழமை
முன்பல் இரண்டும் விழுந்த ஒரு சிறுமி
நடக்காமல் நின்று கேட்டாள்:
ஆமை என்ன நிறம்?
பச்சை என்றேன்.
எந்தப் பச்சை?

பின்னால் வந்த கெல்வர்த் ஹாரன் அடித்தான்.
நல்ல மனுஷன்.

இன்று எனக்கு விடுமுறை.
லாரியைப் புளிய நிழலில் விட்டுவிட்டு
தேவாலயத்துக்குப் போடும் செருப்போடு இறங்கினேன்.
வேறு செருப்பு இல்லை.
வண்டி ஓட்டுகிறவளுக்கு எதற்கு.

பே ரம் இலை ஒன்றைக் கசக்கினேன்.
சவரம் செய்த கன்னத்தோடு
என் பழைய புருஷன் வந்து நின்றான்.
கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டேன்.
சிவப்புப் பட்டை அடித்த மரம்:
தொடாதே, மழைக்கும் கீழே ஒதுங்காதே.
நீட்டாத கையை இழுத்துக்கொண்டேன்.
ஒரு கீரி பாதையைக் கடந்தது
வரி கட்டுகிறவனின் அலட்சியத்தோடு.

எதிரே ஏறி வந்த இருவருக்கு
குட் மார்னிங் சொன்னேன்.
அதைச் சொல்லாமல் இங்கே யாரும் யாரையும் கடப்பதில்லை.
ரோட்டுக்கு இன்னும் எவ்வளவு தூரம் என்றார்கள்.
முக்கால் மணி நேரம் என்றேன்.
வாய்ப் பழக்கம்.
நான் கிளம்பிப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை.

கண்ணாடி இல்லை.
கரை நெடுகப் பழுப்புக் கடற்பாசி,
முழங்கால் உயரத்துக்கு,
அழுகிய முட்டை நாற்றம்.
பத்தொன்பது வருஷமும் இப்படியா,
இந்த வாரம் மட்டுமா?
காசு கொடுத்தவர்கள் ஒருவரும்
திரும்பி வந்து என்னோடு சண்டை போட்டதில்லை.
அதுதான் இப்போது வலித்தது.

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு
பாசியை மிதித்துக் கடந்தேன்.
எனக்கு நீந்தத் தெரியாது.
தீவில் பிறந்தவள், சொன்னால் நம்பமாட்டார்கள்,
அதனால் சொன்னதில்லை.
இடுப்புவரை நின்றேன்.
அங்கே தண்ணீர் தெளிந்திருந்தது,
என் கால்விரல்கள் யாருடையவோ போல் வெளுத்துத் தெரிந்தன.

கொஞ்சம் தள்ளி ஒரு தலை.
தேங்காய் என்று நினைத்தேன்.
தேங்காய் மூச்சு விடாது.

அது விட்டது.
கிழவன் நாற்காலியில் உட்காரும்போது விடுவது போல,
அலுப்பாய், முழுசாய்.
நானும் அதுவரை பிடித்திருந்ததை விட்டேன்.

பச்சை இல்லை.
கரைத்துவைத்த புளியின் நிறம்,
வெயில் பட்ட இடத்தில் மட்டும்
பழைய பித்தளை.

அந்தச் சிறுமி புதன்கிழமைப் படகிலேயே போயிருப்பாள்.

மேலேறும்போதுதான் தெரிந்தது
மூன்று மணிக்கு ஏறுகிறவர்கள் ஏன் பேசுவதில்லை என்று.
டிரைவர் இருக்கைக்குப் போகாமல்
நாலாவது பெஞ்சில் போய் உட்கார்ந்தேன்.
காலிலிருந்து மணல் உதிர்ந்தது.
கிடக்கட்டும் என்று விட்டேன்.

மறுநாள் வளைவில் லாரியை நிறுத்தி
"கண்ணாடி மாதிரி" என்று தொடங்கினேன்.
அடுத்த வார்த்தை வரவில்லை.
பதினெட்டுப் பேர் என் முகத்தையே பார்த்தார்கள்.
மூக்கைப் பொத்திக்கொண்டு பாசியைத் தாண்டுங்கள், என்றேன்,
அப்புறம் அசையாமல் நில்லுங்கள்,
காதைத் தீட்டிக்கொண்டு.

யாரும் சிரிக்கவில்லை.
பின்னால் கெல்வர்த் ஹாரன் அடித்தான்.
அடிக்கட்டும்.